பம்பு எடுக்க வந்தேன், அக்கா

ஜூலை 8, திங்கள்

அறை கிடைத்துவிட்டது. விளையாட்டுச் சாமான் அறையில் பாதி. மறுபாதியில் வாலிபால் வலை, மூன்று வட்டு, ஒரு சாக்கு நிறைய ஸ்கிப்பிங் கயிறு, காற்றுப் போன ஒரு பந்து, அதற்கு ஒரு பம்பு. கதவில் ‘மனநல ஆலோசனை’ என்று சாக்பீஸால் எழுதினேன். சாரல் அடித்தது. மதியத்துக்குள் பாதி அழிந்துவிட்டது.

நான்கு வாரக் களப்பணி. முதுகலை சமூகப்பணி, இரண்டாம் ஆண்டு. பாளையங்கோட்டையிலிருந்து மேற்பார்வை, டெய்சி மேடம். வேலை இதுதான்: பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் மனம்விட்டுப் பேச ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி நான். இருபத்திரண்டு வயதில்! காலையில் எத்தனை இட்லி தின்றேன் என்று எனக்கே தெரியாது.

விடுதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். பள்ளி மூன்றரை கிலோமீட்டர். ஐந்தாம் எண் டவுன் பஸ் பள்ளி வாசலிலேயே நிற்கும். நடந்து போனேன். புது ஊரைப் பார்க்க வேண்டாமா?

வந்தவர்கள்: யாருமில்லை.

ஜூலை 9, செவ்வாய்

வந்தவர்கள்: ஒருத்தி. பம்பு எடுக்க.

ஜூலை 10, புதன்

பம்பு எடுக்க நான்கு பேர். திருப்பி வைக்க ஆறு பேர்.

கடைசியாக வந்தவள் பெயர் ரஹ்மத். பதினொன்றாம் வகுப்பு. உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, இந்த ரூமுக்குள்ள வந்தா மென்டல்னு சொல்லிருவாளுவ. அதான் எல்லாரும் பம்பத் தூக்கிட்டு அலையுதாளுவ. ஒங்களுக்கு வெளங்கலியா?”

“நீ எதுக்கு வந்தே?”

“நான் பம்பு எடுக்கத்தான் வந்தேன்.”

பம்பு அவள் கையில் இல்லை. முப்பது நிமிடம் இருந்தாள். போகும்போது திரும்பி, “நீங்க ஏங்க்கா நடந்தே வாறீய? நாங்க பஸ்லேருந்து டெய்லி பாக்கோம்” என்றாள்.

நடை உடம்புக்கு நல்லது என்றேன்.

ஜூலை 11, வியாழன்

பி.டி. ஆசிரியை கோமதி டீச்சர் வந்தார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றுவதே இல்லை. பேச்சுக்கு நடுவே கை தானாக விசிலுக்குப் போகிறது.

“எம்மா, எனக்கு ஒரு உதவி. கோ-கோ டீம் பன்னெண்டு பேரையும் ஒங்கிட்ட விடுதேன். பதினொண்ண விட்டுரு. இசக்கிய மட்டும் சரி பண்ணிக் குடு.”

இசக்கியம்மாள். பதினொன்றாம் வகுப்பு. குறுவட்டத்திலேயே அவளைப்போல ஓட ஆளில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐந்து நிமிடம் முன்பு கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். கை நடுக்கம், மூச்சிரைப்பு. போன வருடம் நாற்பது நிமிடம் வெளியே வரவில்லை. அணி தோற்றது. வீட்டில் ரத்தம் கம்மி என்று பேரீச்சம்பழம் கொடுக்கிறார்கள். அடுத்த தெருவில் யாருடைய கண்ணோ பட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். இரண்டும் நடந்திருக்கிறது, தாழ்ப்பாளும் விழுந்திருக்கிறது.

“ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி குறுவட்டப் போட்டி. மேலக்குறிச்சியில. இந்தத் தடவையும் உள்ள போயிப் பூட்டினான்னா டீம்ல கிடையாது. நான் சொல்லல, ஹெச்.எம். சொல்லிட்டாங்க.”

என்னிடம் ஒரு மனிதர் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார். நடந்து வரும் வழியில் ஒரு எருமைக்கு வணக்கம் சொன்னேன்.

மேலக்குறிச்சிக்கு ரயில் கிடையாது.

ஜூலை 12, வெள்ளி

பாடப்புத்தகத்தில் உள்ளபடி நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். பன்னிரண்டு பெண்கள், நான். எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியும். அதுதான் வட்டத்தின் சிறப்பு என்று படித்திருந்தேன்.

அதுதான் வட்டத்தின் பிழை. ஒருத்தி உதட்டைக் கடித்தாள். எதிரே இருந்தவள் அதைப் பார்த்தாள். முடிந்தது. இருபது நிமிடம் சிரிப்பு. நாற்காலியிலிருந்து ஒருத்தி விழுந்தாள். விழுந்தவளுக்கு உதவப் போனவளும் விழுந்தாள். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். பிறகு நானும் விழுந்தேன், சிரிப்பில்தான், நாற்காலியோடு.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு கேள்வி கேட்டேன். போட்டியை நினைத்தால் எவ்வளவு பயம்? ஒன்று முதல் பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்.

அணித்தலைவி ஜெனிஃபா: “எட்டு.”

மாரிச்செல்வி: “அப்ப எனக்கு எட்டரை.”

ரஹ்மத்: “எனக்குப் பத்து, அக்கா. செண்டம்!”

கைதட்டல்.

“ஏட்டி, ஒனக்கு என்னட்டி பயம்? நீ பல்லிய டிபன் டப்பால போட்டவ!”

“அக்கா, அவளுக்கு மட்டும் எப்படிப் பத்து? எனக்கும் அரை மார்க் கூடப் போடுங்க.”

பன்னிரண்டு வருடம் மதிப்பெண்ணில் வளர்ந்தவர்களிடம் பயத்துக்கு எண் கேட்டால் முதலிடத்துக்குத்தான் போட்டி போடுவார்கள். எந்தப் புத்தகத்திலும் இதை எழுதவில்லை. நான் எழுதுவேன்.

இசக்கி மூலையில் இருந்தாள். ஒல்லி, நீளக் கை. கேட்டதும், “ரெண்டு” என்றாள். பாஸ் ஆகாதவள் தன் மார்க்கைச் சொல்லும் குரலில்.

“ஒங்களுக்கு எத்தனக்கா?” என்றும் அவளே கேட்டாள்.

மூன்று என்றேன். மூன்று மரியாதையான எண்.

ஜூலை 13, சனி

உரையாடல் பதிவுகளை மேடத்துக்குப் படமெடுத்து அனுப்பினேன். மூன்று பத்தி போட்ட தாள்: அவர்கள் சொன்னது, நான் சொன்னது, என் உணர்வு.

பதில் வந்தது: “மூன்றாவது பத்தியில் ‘மகிழ்ச்சி’ ஒன்பது தடவை. அந்த ஊரில் வேறு உணர்வே கிடைப்பதில்லையா?”

துணி துவைத்தேன். செருப்பு வார் அறுந்திருக்கிறது. தைக்கக் கொடுத்தேன்.

ஜூலை 15, திங்கள்

காலையில் ஐந்தாம் எண் பஸ் என் பக்கத்தில் வந்து மெதுவாகப் போயிற்று. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “டீச்சர், ஏறுதியளா?” என்றார். ஜன்னல் முழுக்க இரட்டைச் சடைகள்.

“சில்லறை இல்லீங்க!”

ஜன்னல்களிலிருந்து ஒரே சிரிப்பு. பள்ளியில் ரஹ்மத் விளக்கினாள்: “அக்கா, பொம்பளையளுக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டுக்குத் துட்டே கிடையாதுல்லா?”

மறந்துவிட்டேன். மறக்கக்கூடியதுதானே.

ஜூலை 16, செவ்வாய்

பந்து வெடித்தது.

ஒரே நாளில் பதினொரு பேர் காற்றடித்தால் எந்தப் பந்து தாங்கும்? சத்தம் கேட்டு ஹெச்.எம். வரைக்கும் ஓடி வந்தார். பம்பைப் பிடித்திருந்த பன்னிரண்டாம் வகுப்புப் பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் போன பிறகும் அழுதாள். பந்துக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அறிவுரை சொல்லாமல் பக்கத்தில் இருந்தேன்.

“அக்கா, ஒருத்தருக்கு ராத்திரி தூக்கமே வரலன்னா என்ன செய்யணும்? எனக்கில்ல. பக்கத்து வீட்டுல.”

பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒரு மணி நேரம் பேசினோம். நாளையும் பக்கத்து வீட்டுக்காரருக்காக வருவதாகச் சொன்னாள்.

ஜூலை 17, புதன்

பந்தே இல்லை. பம்பு மட்டும் போய்ப் போய் வருகிறது. இன்று ஒன்பது தடவை. யாரும் எதுவும் கேட்பதில்லை. கோமதி டீச்சர் பம்பின் கைப்பிடிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

ஜூலை 18, வியாழன்

பயிற்சி ஆட்டம். பக்கத்துப் பள்ளி அணி வந்திருந்தது. ஐந்து நிமிடம் முன்பு இசக்கியைக் காணோம்.

கழிப்பறைக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். என்ன சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். ‘ஒன்றுமில்லை’ கூடாது. ‘தைரியமா இரு’ கூடாது. தரை ஈரமாக இருந்தது. அப்படியே உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்தேன்.

“இசக்கி, கதவுல முதுகு வச்சு உட்காரு. நானும் இந்தப் பக்கம் அப்படித்தான் இருக்கேன்.”

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு லேசாக அசைந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

“மூச்சு வரலக்கா.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“படிச்சிருக்கேன். கைவிரல் மரத்துப் போகும். உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இப்பவே செத்துருவோம்னு தோணும். யாராவது அந்தக் கதவை மட்டும் திறந்துவிட்டாப் போதும், இறங்கி ஓடிரலாம்னு...”

“அக்கா.”

“ம்.”

“எனக்குக் கதவப் பூட்டினாத்தான் சரியாவும். நீங்க சொல்லுதது வேற யாருக்கோ.”

பாடப்புத்தகத்தில் இரண்டு வகையும் இருக்கும். போய்ப் பார்க்க வேண்டும்.

மூச்சை எண்ணினோம். நான்கு உள்ளே, ஆறு வெளியே. அவள் முதுகு மூச்சு வாங்குவதைக் கதவு வழியாக என் முதுகு கேட்டது. பதினெட்டு நிமிடத்தில் தாழ்ப்பாள் திறந்தது. ஆட்டம் பாதி முடிந்திருந்தது. மீதிப் பாதியில் ஐந்து பேரைத் தொட்டாள்.

போன வருடம் நாற்பது. இன்று பதினெட்டு! வழியெல்லாம் பாடிக்கொண்டே நடந்தேன். எனக்குப் பாட வராது.

ஜூலை 19, வெள்ளி

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். முடியுமா தெரியவில்லை. பேனா குதிக்கிறது.

சாரல் விட்டதும் பெண்கள் மைதானத்தில் தங்கள் கட்டங்களில் போய் உட்கார்ந்தார்கள். கோ-கோ உட்காரும் முறை இது: நடுக்கோட்டில் வரிசையாக எட்டுப் பேர். ஒருத்தி கிழக்கே பார்த்து, அடுத்தவள் மேற்கே பார்த்து, மாறி மாறி. துரத்துகிறவள் பின்னால் வந்து முதுகைத் தொட்டு ‘கோ’ சொன்னால் எழுந்து ஓட வேண்டும். தொட்டவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். தொடும் முன் எழுந்தால் ஃபவுல். ஓட ஆரம்பித்த பிறகு பாதியில் திரும்பினாலும் ஃபவுல்.

தரை காய்வதற்காகக் காத்திருந்தோம். ரஹ்மத் சும்மா இருப்பாளா? ஜெனிஃபாவின் முதுகைத் தட்டி, “கோ! ஏட்டி, ஒன் பயத்தச் சொல்லு. மார்க் கிடையாது” என்றாள்.

ஜெனிஃபா எதிர்ப்பக்கம் பார்த்தபடியே சொன்னாள். “ஃபோட்டோ எடுக்கும்போது என் பல்லு. அதுக்காகத்தான் வாய மூடிச் சிரிக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் அவள் முகம் தெரியவில்லையே! அவள் எழுந்து நடந்து மாரிச்செல்வியைத் தொட்டாள். மாரிச்செல்வி சொன்னாள், அம்மா வெளியூரில் வேலை பார்ப்பதாகவும் போனில் தம்பியிடம் மட்டும் அதிக நேரம் பேசுவதாகவும். அவள் இன்னொருத்தியைத் தொட்டாள். அவள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எல்லாம் ஒற்றை வரி.

யாராவது பூசி மெழுகினால் எல்லாரும் கத்துவார்கள்: “ஃபவுல்!”

ரஹ்மத்தின் முறை. “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றாள்.

“ஃபவுல்!”

ரொம்ப நேரம் பேசாமலிருந்தாள். ரஹ்மத் பேசாமலிருந்து நான் பார்த்ததே இல்லை. “வீட்டுக்குப் போனா பேச்சு குடுக்க ஆளில்ல. அதான் இங்கன மொத்தத்தையும் பேசித் தீத்துட்டுப் போறேன்.”

பிறகு என்னையும் இழுத்து ஒரு கட்டத்தில் உட்காரவைத்தார்கள். ஈர மண். எதிரே மலை, பாதி மேகத்துக்குள். பின்னால் யாருடைய காலடியோ வந்து நின்றது. முதுகில் ஒரு விரல்.

“கோ” என்றாள் இசக்கி.

“எனக்கு இந்த ஊர் ரொம்பப் பிடிச்சிருக்கு.”

“ஃபவுல்!” என்றார்கள் பன்னிரண்டு பேரும்.

மணி அடித்துவிட்டது. நல்லவேளை.

ஜூலை 20, சனி

மேடம்: “முதுகுகாட்டி உட்காரவைத்தது அருமை. வகுப்பில் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன். ‘ஃபவுல்’ என்ற இடத்துக்கு எதிரே உன் உணர்வு காலியாக இருக்கிறதே, சுடர்?”

அங்கே மை தீர்ந்திருந்தது.

ஜூலை 22, திங்கள்

இசக்கிக்குப் படிக்கட்டு போட்டோம். பயத்தை ஒரேயடியாகத் தாண்ட வேண்டாம். படிப்படியாக ஏறலாம் என்பது முறை. முதல் படி: தாழ்ப்பாளைப் போடாமல் கதவை மட்டும் சாத்துவது. ஐந்தாம் படி: கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே நிற்பது. பத்தாம் படி: ஆட்டத்துக்கு முன் கைகழுவப் போய்விட்டுத் திரும்புவது, அவ்வளவே. காப்பி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

“நடுங்கினா?”

“நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே ஓடலாம். ஒரு படியில எவ்வளவு நாள் வேணும்னாலும் நிக்கலாம். கீழ விழ மாட்டோம்.”

“இதுவும் படிச்சதாக்கா?”

“ஆமா.”

“செஞ்சு பாத்திருக்கியளா?”

பம்பு எடுக்க ஒருத்தி வந்தாள். அவள் நூறு வருடம் வாழட்டும்.

ஜூலை 24, புதன்

இசக்கி ஐந்தாம் படி. நான் ஸ்கிப்பிங் ஆடினேன், மகிழ்ச்சியில். நாற்பது வரை எண்ணினார்கள்.

மாலையில் ஹெச்.எம். கூப்பிட்டார். அணியோடு இரண்டு பெண்கள் துணைக்குப் போக வேண்டும் என்பது விதி. கோமதி டீச்சர் ஒருவர். கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பு. “நீதாம்மா போகணும். நீ போகலன்னா பிள்ளைகள அனுப்ப முடியாது. ஐந்தாம் நம்பர் பஸ்ஸுக்கு அதுதான் கடைசி ஸ்டாப், ஒரு மணி நேரம்தான்.”

சந்தோஷமாகச் சரியென்றேன்.

மேலக்குறிச்சி பத்தொன்பது கிலோமீட்டர். நடந்தால் நான்கரை மணி நேரம். விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பினால் போதும். கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஜூலை 25, வியாழன்

காய்ச்சல் வரலாம் என்று தோன்றியது. வரவில்லை. விடுப்புக் கடிதம் ஒன்று எழுதிப் பார்த்தேன், கையெழுத்துப் பயிற்சிக்காக.

இசக்கி வந்தாள். கையில் பம்பு இல்லை. ‘பம்பு எடுக்க’ என்றும் சொல்லவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அக்கா, அன்னைக்கு நீங்க சொன்ன கதவு பஸ் கதவுதான?”

சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

“திருச்சியில” என்றேன். “ரெண்டு வருஷம் ஆச்சு. பரீட்சைக்குப் போற வழி. கூட்டம். கதவு மூடினதும் வந்துருச்சு. யாரும் எதுவும் பண்ணல. எனக்கே என்னன்னு தெரியல. கத்தி நிறுத்தச் சொல்லி இறங்கிட்டேன். எல்லாரும் பாத்தாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் நடக்கிறேன்.”

“பத்துக்கு எத்தன?”

“ஒம்பது.”

“அன்னைக்கு மூணுன்னு சொன்னிய.”

“நீ ரெண்டுன்னு சொன்னே.”

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று திரும்பினேன். சிரிக்கிறாள்! எனக்கும் வந்துவிட்டது. பொய் மார்க் போட்டுக்கொண்ட இரண்டு பேர் ஸ்கிப்பிங் கயிற்றுச் சாக்கின் மேல் சாய்ந்து சிரித்தோம்.

இதைத் தாளின் மூன்றாவது பத்தியில் எழுதவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன். அது போதும்.

ஜூலை 26, வெள்ளி

மேசைமேல் காப்பி நோட்டிலிருந்து கிழித்த ஒரு பக்கம். இசக்கியின் கையெழுத்து. அப்படியே ஒட்டி வைக்கிறேன்.

படி 1: பஸ்ஸப் பாத்து ஓடக்கூடாது
படி 2: பாண்டி மாமாவுக்கு வணக்கம் சொல்லணும் (கண்டக்டர்)
படி 3: நிக்கிற பஸ்ல ஒரு கால்
படி 4: ரெண்டு கால்
படி 5: ஒரு ஸ்டாப்பு, கதவு திறந்திருக்கும், மாமாகிட்ட சொல்லியாச்சு
படி 6: மேலக்குறிச்சி

“ஆறே படிதானா? உனக்குப் பத்து குடுத்தேனே?”

“நாள் இல்லக்கா.”

கீழே ஒப்பந்தம்: ‘நான் தாழ்ப்பா போட மாட்டேன். அக்கா பஸ் ஏறணும்.’ அவள் கையெழுத்து. என் கையெழுத்துக்கு ஒரு கோடு. போட்டேன்.

ஜூலை 27, சனி

படி 1, 2. பாண்டி மாமா பதில் வணக்கம் சொன்னார். டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ்ஸில் யாரோ கைதட்டினார்கள். இந்த ஊர் முழுவதற்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஜூலை 29, திங்கள்

படி 3. ஒரு கால். வலது கால். பாண்டி மாமா வாட்சைப் பார்த்துக்கொண்டு, “பத்து செகண்டு... பதினஞ்சு... டீச்சர், டிரைவருக்கு டீ ஆறுது” என்றார். இருபதில் இறங்கினேன்.

இசக்கி எட்டாம் படி. என்னை முந்திக்கொண்டிருக்கிறாள். பொறாமையாக இருக்கிறது. மூன்றாவது பத்தியில் ‘பொறாமை’ என்று எழுதினேன். மேடம் ஒரு கைதட்டல் அனுப்பினார்.

ஜூலை 30, செவ்வாய்

படி 4. இரண்டு கால். பிறகு இறங்கி, வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன். காலை உணவு சரியில்லை.

இல்லை. காலை உணவு நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 31, புதன்

படி 5 முடியவில்லை. பஸ் வந்தது, நின்றது, போயிற்று. ஜன்னலில் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. கை மட்டும் காட்டினார்கள்.

இசக்கியிடம் சொன்னேன், நாளைக்கு என்னால் முடியாது போலிருக்கிறது என்று. யாருமே போக முடியாமல் போய்விடும் என்றும். அவள் கோபப்பட்டிருக்கலாம். “அஞ்ச விட்டுட்டு நேரா ஆறுக்குப் போவம்” என்றாள்.

“அப்படி முறை கிடையாது.”

“எங்களுக்கு நடுவுல ஆள விட்டுட்டுக் கடைசி ஆளுக்குக் கோ குடுக்கலாம்க்கா.”

ஆகஸ்ட் 1, வியாழன்

காலை 6.40. பள்ளி வாசல். கோமதி டீச்சர் ஏறிவிட்டார். பதினொரு பெண்கள் ஏறிவிட்டார்கள். பாண்டி மாமா ஏறவும் இல்லை, விசில் கொடுக்கவும் இல்லை. நான் படிக்கு முன்னால் நிற்கிறேன். கை மரத்துவிட்டது. உதட்டைச் சுற்றி எறும்பு. நான்கு உள்ளே, ஆறு வெளியே. எண்ணிக்கை மூன்றிலேயே அறுகிறது.

“நேரமாச்சு” என்று உள்ளே யாரோ பயணி சொன்னார்.

“கொஞ்சம் இரும்வே, டீச்சருக்கு இன்னும் குடுக்கல” என்றார் பாண்டி மாமா.

என்ன கொடுக்கவில்லை? புரியாமல் திரும்பிப் பார்க்கப் போனேன்.

முதுகில் ஒரு விரல்.

“கோ.”

தொட்டால் எழ வேண்டும். பாதியில் திரும்பினால் ஃபவுல்.

6.52. பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து குதிக்கிறது, ரோடும் ஒரு காரணம். முன்படிக்குப் பக்கத்து சீட். கதவு திறந்தே இருக்கிறது. பாண்டி மாமா அதைக் காலால் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கையில் துட்டில்லாத டிக்கெட். நடுங்குகிறேன். நடுங்கிக்கொண்டே போய்க்கொண்டிருக்கிறேன். ரஹ்மத் நிறுத்தாமல் பேசுகிறாள். நிறுத்திவிடாதே, ரஹ்மத்.

7.10. வயல். கொக்கு. இன்னொரு கொக்கு.

7.31. பத்துக்கு எட்டு.

7.44. ஏழு. பிறகு திருப்பத்தில் எட்டு.

7.50. மேலக்குறிச்சி!!

இரவு. சுருக்கமாக. ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு இசக்கி கழிப்பறைக்குப் போனாள். நான் பின்னால் போகவில்லை. அப்போது என் பயம் பத்துக்குப் பத்து. கதவு பாதி திறந்திருந்தது. கைகழுவினாள். நடுங்கிக்கொண்டே வந்து கட்டத்தில் உட்கார்ந்தாள், மேற்கே பார்த்து. ஜெனிஃபா அவளைத் தொட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் மைதானத்தின் மறுகோடியில் இருந்தாள், எதிரணிப் பெண் தரையில்.

முதல் ஆட்டம் ஜெயம். இரண்டாவதும். இறுதியாட்டம் தோல்வி, ரஹ்மத் தொடும் முன்பே எழுந்துவிட்டாள், இரண்டு தடவை. “பேச ஆள் வந்துருச்சுன்னு நெனச்சிட்டேன்” என்கிறாள். கோமதி டீச்சர் விசிலை அவள் மேல் எறிந்தார். முதன்முறையாகக் கழற்றி!

திரும்பி வரும்போது நடு சீட். அதிகம் நடுங்கியது. ஆனாலும் நடு சீட்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கடைசி நாள். பெண்கள் பணம் போட்டுப் புதுப்பந்து வாங்கித் தந்தார்கள், அறைக்கு. பம்பு அதன் இடத்தில் இருக்கிறது. அடுத்து யார் வந்தாலும் பம்பைத் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி கோமதி டீச்சரிடம் சொன்னேன்.

“அது கெடக்கும்மா. நான் போய் எடுக்கப்போறேன் ஒரு நாளு” என்றார்.

மாலை தனியாக ஐந்தாம் எண் பஸ் ஏறினேன். முதுகில் யாரும் தொடவில்லை. விடுதிக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டேன். “இன்னும் ஒரு ஸ்டாப் இருக்கு டீச்சர்” என்றார் பாண்டி மாமா.

தெரியும் என்றேன். நடை உடம்புக்கு நல்லது என்று இங்கே எழுத வந்தேன். ஃபவுல். பத்துக்கு ஆறு. அதனால் இறங்கினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பாளையங்கோட்டை. வகுப்பு முடிந்தது. டெய்சி மேடத்தின் அறை வாசலில் கால்மணி நேரம் நின்றேன். நோட்டீஸ் போர்டை மூன்று தடவை படித்தேன்.

“யாரது? சுடரா? பதிவெல்லாம் வந்துருச்சே. என்னம்மா வேணும்?”

“பம்பு எடுக்க வந்தேன், மேடம்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். என் நான்கு வாரப் பதிவையும் படித்தவர். சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கமாகத் தள்ளினார். பிறகு கொஞ்சம் யோசித்து, அதை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

“கதவைச் சாத்தட்டுமா, திறந்திருக்கட்டுமா?”

“திறந்திருக்கட்டும், மேடம்.”

உட்கார்ந்தேன்.